ஆடிக்கு நிற்பவை

வால்பாறையிலிருந்து பஸ்ஸில்
மடியில் வைத்துக் கொண்டுவந்தேன் ஹைட்ரேஞ்சியா.
அங்கே நீலம்.
வெள்ளகோவிலில் ஒரே ஒரு கொத்து, அதுவும் ரோஸ்.
அழகாயிருக்கிறதே என்று போட்டோ எடுத்தேன்.
போர்த் தண்ணீர் காய்ச்சிய பாத்திரத்தடியில்
வெள்ளையாய்ப் படிந்ததை நகத்தால் சுரண்டியபோதுதான்
செடி முன்பே சொன்னது புரிந்தது.
சுண்ணாம்பு.
வைகாசிக் கடைசியில் அது போய்விட்டது.

அடுத்து இட்லிப்பூ.
இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை,
எக்ஸ்ரே படம் மாதிரி.

மூலனூர் ரோட்டு நர்சரித் திருமூர்த்தி
எதைக் கேட்டாலும் "வருமுங்க" என்பார்.
பன்னீர் ரோஜா? வருமுங்க.
ஆப்பிள்?
"அதும் வருமுங்க, நெழல் வலை கட்டோணும்."
வந்தன.
பார்த்தன.
போயின.

ஆனி பிறந்ததும் காற்று.
மலைக்கு அந்தப் பக்கம் மழையெல்லாம் இறக்கிவிட்டு
கணவாய் வழியே வெறுங்கையோடு வரும் காற்று.
என் ஊர் நனைகிற அதே நாளில்
இங்கே கொடியில் என் துப்பட்டா
கிழக்கே விறைத்து நிற்கிறது.
முருங்கை முறிந்து
அடுத்த வீட்டுக் கூரைமேல் படுத்திருக்கிறது.

மின்வாரியத்தில் கணக்கெடுப்பவள் நான்.
இரண்டு மாதத்துக்கு ஒருமுறை
எந்த வாசலுக்குள்ளும் நுழைய உரிமை உண்டு.
நாய்களுக்கு அது தெரியாது.
இந்தச் சுற்றில் மீட்டரோடு சேர்த்து
செடிகளையும் எடுக்கத் தொடங்கினேன்,
நோட்டின் ஓரத்தில், பென்சிலில்.

உத்தமபாளையம் பிரிவு, புல்தரை பங்களா:
ஆயிரத்து நூற்று நாற்பது யூனிட்.
பாதிக்கு மேல் மோட்டார்.
புல் அப்போதும் முகம் தூக்கியபடி.
நூல்மில் குவார்ட்டர்ஸ் வாசலில் குரோட்டன்ஸ்,
தொட்டதும் பிளாஸ்டிக்.
ஓலப்பாளையத்தில் பாவாத்தாள் வீட்டு மல்லி
பாத்திரம் கழுவிய தண்ணீரில், சுவருக்குக் கிழக்கே.
"மேக்கால வெச்சா காத்து உருவிப்போடுமுங்க."
அதையும் எழுதிக்கொண்டேன்.

கடைசித் தெருவில் பூட்டிய வீடு.
மீட்டர் வெளிச்சுவரில்.
சித்திரையில் 4417.
ஆனியில் 4417.
ஆவணியில் 4417.
எழுதிவிட்டு நகர வேண்டியதுதான்.
ஆனால் உள்ளே
ஓட்டு உயரத்துக்குச் செவ்வரளி.
வேலிக்குக் கிளுவை, அதன்மேல் பிரண்டை.
சிமெண்ட் விரிசலில் பட்டிப்பூ.
ஆவாரை, பளீரென்று,
யாரையும் கேட்காமல்.
ஆடி முழுக்க ஒருவரும் ஒரு குடம் ஊற்றவில்லை,
அதற்குச் சாட்சி என் கையிலிருக்கிற எண்.

ஒன்றை மட்டும் தெரியவில்லை.
முழங்கால் உயரம், சாம்பல் இலை,
கசக்கினால் கற்பூரமும் ஆட்டுப்பட்டியும் கலந்த வாசம்.
போன் மூன்று பெயர் சொன்னது, மூன்றும் ஆஸ்திரேலியா.
லைன்மேன் குப்பண்ணன் "அது பூடுங்க" என்றார்.
அந்த வழியே ஆடு ஓட்டிப்போனவள் நின்று பார்த்து,
"பேரெல்லாந் தெரியாதுங். ஆடு வாய் வெக்காது."
இவ்வளவு அறிமுகம் போதும்.

சுவர்மேல் கைநீட்டி இரண்டு கொப்பு ஒடித்தேன்.
அரளியில் ஒன்று, பெயரில்லாததில் ஒன்று,
ஆவாரை நெற்று ஒரு பிடி.
திருட்டுதான்.
மின்திருட்டுப் பிரிவில் வராது.

ஹைட்ரேஞ்சியா தொட்டியைக் கவிழ்த்து
மண்ணை நிலத்தோடு சேர்த்தேன்.
புரட்டாசியில் நட்டவை
ஐப்பசி முதல் மழைக்குத் துளிர் காட்டின.
"உன் தோட்டத்துல என்னடி பூத்திருக்கு" என்று
வால்பாறையிலிருந்து அக்கா.
ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டே
பேச்சை மாற்றினேன்.
பூ இல்லை, சாம்பலாய் நான்கு இலை,
அதை எப்படிச் சொல்வது.

ஐப்பசி ரீடிங்.
கடைசித் தெரு, 4421.
நான்கு யூனிட்.
கேட் திறந்திருக்கிறது, புதுப் பெயின்ட்.
அரளியின் அடிக்கட்டையில் இன்னும் பால் காயவில்லை.
ஆவாரை இருந்த இடத்தில்
வரிசையாய்ப் பன்னிரண்டு ரோஜாத் தொட்டிகள்,
திருமூர்த்தியின் அட்டை தொங்க.
"எப்படிங்க, நல்லாருக்குதுங்களா?"
வீட்டுக்காரர் சிரித்தபடி கேட்கிறார்.

கார்டில் குறித்து நீட்டினேன்.
ஆடிக்கு இன்னும் ஒன்பது மாதம்.