ஒன்பதாயிரம் லிட்டர்

பதினேழு வருடம் தண்ணீர் லாரி ஓட்டினேன்.
ஒரு நடைக்கு ஒன்பதாயிரம் லிட்டர்.
கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தால்
கூட்ஸ் வண்டி போய் முடியும்வரை
வால்வு ஓரம் ஒழுகுவதைக்
கண்ணாடியில் பார்த்தபடி பீடி இழுப்பேன்.
ஒழுகட்டும். என் அப்பன் வீட்டுத் தண்ணியா?

இப்போது எனக்கு நாளைக்கு எழுநூறு மில்லி.
குழம்பு, மோர், மாத்திரை விழுங்கும் மடக்கு
எல்லாம் அதில் அடக்கம்.
தேசராணி விடிகாலையில் அளந்து
ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஊற்றி
நடுவில் ரப்பர் பேண்ட் மாட்டிவிடுவாள்.
மத்தியானத்துக்குள் அதைத் தாண்டக் கூடாது.

செவ்வாய், வெள்ளி ஸ்டான்லி.
நாலு மணி நேரம்
ரத்தம் வெளியே போய் வீடு திரும்பும்.
பக்கத்துக் கட்டில் கவுஸ் பாய்,
மண்ணடியில் பழைய இரும்பு எடை போட்டவர்.
ரம்ஜான் வந்தது. நோன்பு கூடாது என்றார் டாக்டர்.
"ஒரு மாசம்தான் புடிச்சினு இருந்தேன் எத்திராஜு,
இப்ப பன்னெண்டு மாசமும் நோன்பு" என்றார் பாய்.
சிரித்ததில் உதடு வெடித்து ரத்தம் வந்தது.

தாகம் தொண்டையில் இல்லை.
ராத்திரி இரண்டு மணிக்கு
அடுத்த வீட்டுக் குழாய் சொட்டும்.
ஒவ்வொரு சொட்டுக்கும் என் பெயர் தெரியும்.
திருவொற்றியூர்த் திருவிழாவுக்கு
வருடா வருடம் லாரி கொண்டுபோனவன்,
ஒரு தடவையும் கோயிலுக்குள் போனதில்லை.
அந்த இரண்டு மணிக்குத்தான்
கும்பிடக் கற்றேன்,
யாரை என்று தெரியாமலே.

அம்மன் வரவில்லை.
ஒரு பச்சைக் குடம் வந்தது.
எர்ணாவூர், மே மாதம், அரைக்குடம் நிறைந்திருந்தது.
நேரமாச்சென்று வால்வை மூடினேன்.
வண்டியோடு ஒட்டி ஓடிவந்து
கதவைத் தட்டினாள்.
"ண்ணா, கொயந்தைக்கு அம்மை போட்டுக்குதுண்ணா."
கியர் மாற்றினேன்.

பன்னிரண்டு வருடம் அவளை நினைத்ததில்லை.
நாக்கு வறண்ட பிறகே
அவள் முகம் எனக்குத் தரப்பட்டது.
தண்டனை என்றுதான் முதலில் நினைத்தேன்.

காலை முதல் மடக்கை
விழுங்காமல் வைத்திருக்கிறேன்.
புழல் தண்ணீர் ஒரு ருசி,
மீஞ்சூரில் உப்பெடுத்த கடல் வேறொரு ருசி.
டேங்க் டேங்காக இறைத்தவனுக்கு
இது தெரியாமலே போயிருக்கும்.

லாரி வரும் நாளில்
தெருமுனையில் ஸ்டூல் போட்டு உட்காருகிறேன்.
குடம் தூக்கக் கூடாது, ஓஸ் பிடிக்கலாம்.
குடம் மாறும்போது சொட்டு சிந்தாமல்
மடக்கிப் பிடிக்க என்னை விட்டால் ஆளில்லை.
புது டிரைவர் பொடியன், ஹாரன் அடிப்பான்.
"இருடா, இன்னும் ஒண்ணு கீது."

ஊசிக்காக நரம்பைச் சேர்த்துத் தைத்த
இடது மணிக்கட்டில்
ராப்பகலாய் ஓர் அதிர்வு.
காதில் வைத்தால் உர்ரென்று கேட்கும்.
ஓஸிலும் அதே உர்ர்.
கண்ணை மூடினால்
எது எந்தக் கை என்று பிடிபடுவதில்லை.

ஆனால் மூடுவதில்லை.
வரிசையில் கடைசிக் குடம்
பச்சையா என்று பார்க்க வேண்டும்.