குக்கர் ரிப்பேருக்கு

நாகலூரில் பஸ் திரும்பிக்கொண்டது.
நாங்கள் திரும்பவில்லை.

சித்திரைக் கடைசிப் புதன். எனக்கு வார விடுப்பு.
நேற்று இந்நேரம் சேலம் ஜங்ஷனில்
கவுண்டர் கண்ணாடிக்கு உள்ளே
வேர்த்துக்கொண்டிருந்தேன்.
இங்கே வெயிலை சில்வர் ஓக் மரங்கள் சலித்து
சில்லறையாகத்தான் தருகின்றன.
ஜெசிந்தா செருப்பைக் கழற்றி
நாலடி வைத்துப் பார்த்தாள்,
மாட்டிக்கொண்டாள்.

டீக்கடை பெஞ்சிலிருந்து முதல் கேள்வி.
"எங்க?"
"சும்மா, நடக்கிறோம்."
"பஸ்ஸு ரெண்டு மணிக்கு வரும்."
"தெரியுங்க."
"உக்காருங்க, வந்துரும்."
மணி அப்போது பத்தேகால்.

அடுத்த ஊரின் பெயர்ப்பலகையில்
பாதியை மழை தின்றிருந்தது.
ரோட்டில் பாதியை மிளகு எடுத்துக்கொண்டிருந்தது.
காவலுக்கு ஒரு நாய்,
குரைக்க வாயெடுத்துத் தும்மியது.

"லோன் ஆபீஸா?"
"இல்லைங்க."
"ஓட்டு லிஸ்ட்டா?"
"இல்லை."
அந்தப் பெண் காலால் மிளகைக் கிளறியபடி
எங்களை யோசித்தாள்.
"அப்ப நெலம் பாக்க வந்திருக்கீங்க."

ஜெசிந்தா சிரித்தாள்.
சிரித்திருக்கக் கூடாது.
பத்து நிமிடத்தில் சடையப்பன் என்று ஒருவர்
வெட்டுக்கத்தியால் முள்ளை ஒதுக்கிக்கொண்டு
முன்னே போய்க்கொண்டிருந்தார்,
நாங்கள் பின்னே.

முக்கால் ஏக்கர். மூன்று பலா.
வற்றியும் வற்றாத ஓர் ஊற்று,
அதில் தவளை முதுகளவு வானம்.
எல்லை இந்தக் கல்லா அந்தக் கல்லா என்று
அண்ணனோடு பதினோரு வருடமாகப் பேச்சில்லையாம்.
"விக்கிற எண்ணம் இல்லை" என்றார் சடையப்பன்.
"நீங்க எவ்வளவு சொல்வீங்கன்னு
தெரிஞ்சுக்கலாம்னுதான்."

எனக்குத் தெரிந்த விலையெல்லாம்
ஈரோடுக்கு எவ்வளவு, காட்பாடிக்கு எவ்வளவு.
"நாங்க வாங்க வரலைங்க. நடக்க வந்தோம்."

கத்தியைத் தோளில் சாய்த்துக்கொண்டு
இருவரையும் வெகுநேரம் பார்த்தார்.
பொய்யை மன்னிக்கிற முகம்.
ஒரு பலாப்பிஞ்சைத் தட்டிக் காண்பித்து
"ஆடியில வாங்க" என்றார்.

மேட்டுப் பாதையில் காட்டெருமைச் சாணம்,
இன்னும் ஈரமாக.
அதன்பிறகு அரை மைலுக்கு
எங்கள் சூப்பர்வைசரைப் பற்றி
மிகச் சத்தமாகப் பேசிக்கொண்டு நடந்தோம்.
காபிச் செடிகளுக்குள் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தது.
நல்லவேளை, கருத்துச் சொல்லவில்லை.

பின்னாலிருந்து ஓடிவந்தவள் பெயர் குப்பாயி.
"ஒண்டிக்கடை வழியாத்தானே?
போறதுதான் போறீங்க."
கையில் பை. பைக்குள்
கைப்பிடி ஒடிந்த ஐந்து லிட்டர் குக்கர்.
"பாத்திரக்கடை ஓரத்துல ரிப்பேர்காரர் இருப்பாரு,
குப்பாயின்னா தெரியும்.
விசில மட்டும் நான் வெச்சுக்கிட்டேன்.
நீங்க யாரோ எவரோ."

அதற்குப் பிறகு வழி வேறு வழியாகிவிட்டது.
"எங்க?"
"குக்கர் ரிப்பேருக்கு."
"ஓ" என்று தலையசைத்து
வெற்றிலைக்குத் திரும்பினார் ஒருவர்.
"அப்படின்னா இப்படிக் குறுக்கால எறங்குங்க"
என்றாள் தண்ணீர்க் குடத்தோடு ஒருத்தி.
ஒரு பையன் பையை வாங்கி
ஓடை தாண்டும்வரை சுமந்துகொடுத்தான்.
மேகம் ஒன்று எங்கள் மேலேயே வந்தது,
அதைக் கேட்பாரில்லை.

ஒண்டிக்கடையில் ஷட்டர் சாத்தியிருந்தது.
புதன்கிழமை லீவாம்.
புதனை விட்டால் எனக்கும் லீவு கிடையாது.
குப்பாயியின் நம்பரைக் கேட்டு வாங்க
இருவருக்குமே தோன்றியிருக்கவில்லை.

மலை இறங்கும் பஸ்ஸில்
கொண்டை ஊசி வளைவுக்கு வளைவு
மடியில் மூடி கடகடவென்றது.
அடிவாரம் நெருங்க நெருங்க
ஜன்னல் வழியே வெக்கை ஏறி உட்கார்ந்தது.
கண்டக்டர் வந்து நின்றார்.
"எங்க?"

ஜெசிந்தா அரைத்தூக்கத்தில்
"குக்கர்" என்றாள்.