விறகில் எழுதியது

திருக்காட்சித் திருநாள் மாலை,
மூன்று ராஜாக்கள் வாசலில்.
புதுக் கதவு, அலுமினியம்.
சாக்கட்டி வழுக்கிக்கொண்டே போகிறது.
நாக்கில் நனைத்துப் பார்த்தான் பல்தசார்,
பால்பண்ணை நோட்புர்காவின் கடைக்குட்டி கசியான்.
அட்டைக் கிரீடம் காதில் தங்கியிருந்தது.

"நிலையில் எழுதட்டுமா?"
நிலையும் அலுமினியம்தான்.
எனக்கு வெட்கமாகிவிட்டது.
டிரோல் மலைக்காற்றைத் தடுக்கத்தான்
கடன்பட்டு மாட்டினேன்;
ஆசியையும் தடுக்குமென்று
கடைக்காரன் சொல்லவில்லை.

நட்சத்திரக் கோலை என் கையில் திணித்துவிட்டு
இறவாரத்தடியில் அடுக்கிய விறகுக்கு ஓடினான்.
கட்டைக்கு ஒன்றாய், வெட்டுமுகத்தில்
ஆண்டின் எண்கள், நடுவே சிலுவைகள்,
அரசர் மூவரின் முதலெழுத்து.
தூபம் இருமவைத்தது.
உண்டியலில் ஐந்து யூரோ போட்டேன்.

பிப்ரவரி முழுக்க
அந்த வரிசையைத் தொடாமல்
மற்றதை எரித்தோம்.
மார்ச் கடைசியில் மறுபடி பனி.
வேறு வழியில்லை.
எண்கள் போயின, சிலுவைகள் போயின,
கஸ்பார், மெல்கியோர்.

பல்தசார் ஈரக்கட்டை.
வெகுநேரம் புகைந்து,
சீறி,
பிறகு பிடித்துக்கொண்டது.

அன்றிரவு
கதவோரம்கூடக் குளிரவில்லை.