பின்னணியில்

ஆறாம் எண் நிற்கிறது.
நான்கு இல்லை. எட்டு இல்லை.
எதிர்ப்பக்கம் ஒன்றுமே இல்லை.
ஆறாம் எண் எங்களுடையது.

காற்று திரும்பிவிட்டது என்றார் தீயணைப்புக்காரர்,
பஸ் திரும்பிவிட்டது என்பதுபோல.

ஜனவரி முழுக்கத் துணியை உள்ளேதான் காயப்போட்டேன்.
கொடியில் ஆடும் போர்வை
தெருவைப் பார்த்து ஏதாவது சொல்லிவிடுமென்று பயம்.
கறிவேப்பிலைத் தொட்டிக்கு இருட்டில் தண்ணீர்.
விடியுமுன் காரைச் சத்தமில்லாமல் உருட்டி
திருடப் போகிறவள்போல் போனேன்
என் சொந்த மருந்துக்கடைக்கு.

கடையில் யாரும் அழவில்லை.
தூக்க மாத்திரை கேட்டார்கள்,
கண்ணுக்குச் சொட்டு மருந்து, ஆஸ்துமா பம்ப்.
எங்களைவிட மோசமானவர்கள் இருக்கிறார்கள் என்றார்கள்.
வீடு போனவர் பண்ணை போனவரைச் சொன்னார்.
பண்ணை போன ராய் டெம்பிள்டன்
தம்பி போன ஒருவரைச் சொன்னார்.
அந்த ஒருவர் வந்து
பற்பசை வாங்கிக்கொண்டு
மழை வரும் போலிருக்கிறது என்றார்.
வரவில்லை.

மார்ச்சில் ஒருநாள், ஷட்டரைப் பாதி இறக்கியபின்
எட்டாம் எண் மொய்ரா குனிந்து உள்ளே வந்தாள்.
எட்டாம் எண் என்றுதான் இன்னும் சொல்கிறோம்.
கையில் மருந்துச் சீட்டு இல்லை.
"உன் மகள் பிறந்தநாளுக்கு
வேலியோரம் படம் எடுத்தாயே.
அதில் என் வீடு விழுந்திருக்குமா?"

அவள் ஆங்கிலத்தில் கேட்டாள்.
எனக்குத் தமிழில்தான் கேட்டது:
விழுந்திருக்குமா.

அன்றிரவு போனில் ஒன்பது வருடங்களைத் தள்ளித் தள்ளிப் போனேன்.
பிரணவியின் முகத்தை விட்டுவிட்டு
தோளுக்கு மேலே பார்த்தேன்.
முதல் சைக்கிளுக்குப் பின்னால் நீலக் கேட்.
பல் விழுந்த சிரிப்புக்குப் பின்னால்
மொய்ராவின் தண்ணீர்த் தொட்டி,
அதில் சாய்ந்து, பாதி பெயின்ட்டோடு கைவிடப்பட்ட ஏணி.
நாலாம் எண் கொடியில்
ஜோடி சேராத காலுறைகள்.
மசங்கலாக ஒரு நாய். பிஸ்கட்.
நாங்கள் ஒருநாளும் இவற்றைப் படம் எடுத்ததில்லை.
இவை தாமாக வந்து நின்றிருக்கின்றன.

கடை மூலையில் படம் அச்சிடும் இயந்திரம் உண்டு,
பாஸ்போர்ட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும்.
காலையில் என் மகளை வெட்டிவிட்டு
பின்னணியைப் பெரிதாக்கினேன்.
புள்ளி புள்ளியாய்ப் பிரிந்துபோனது வீடு.
ஆனால் மொய்ரா சமையலறை ஜன்னலில் விரலை வைத்து
"விளக்கு எரிகிறது பார்.
உள்ளே நான்தான் இருக்கிறேன்" என்றாள்.

கடையில் முதல்முறையாக ஒருவர் அழுதது அப்போதுதான்.
நான்தான்.
கவுன்டரைச் சுற்றி வந்து
டிஷ்யூப் பெட்டியைப் பிரித்துக் கொடுத்தாள்,
பிறகு அதற்கும் காசு வைத்தாள்.

அதற்கப்புறம் வந்தார்கள்.
எங்கள் போன்களை ஒருவர் மாற்றி ஒருவர் பார்த்தோம்,
அடுத்தவர் கல்யாணத்தில் நம் மரத்தை,
அடுத்தவர் நாய்க்குட்டிக்குப் பின்னால் நம் படிக்கட்டை.
ராயின் பால்கொட்டகை மட்டும் யாரிடமும் இல்லை.
ஊரைவிட்டு அவ்வளவு தள்ளி
யார் போய்ப் படம் எடுத்தார்கள்.
"பரவாயில்லை" என்றார் ராய்.
அப்புறமும் தினம் வருகிறார்,
மற்றவர்களுடையதைப் பார்க்க.

என் மாமியாருக்குக் கல்யாணப் படம் கிடையாது.
பதினாறு வருடம் கேட்காததை
மெல்பேர்னுக்குப் போன்போட்டுக் கேட்டேன்,
பக்கத்து வீட்டுக்காரர் யாரிடமாவது
ஓரமாய் விழுந்திருக்காதா என்று.
கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.
"அந்தத் தெருவே இல்லையே, பிள்ளை."

இப்போது எட்டாம் எண்ணில் ஒரு கேரவன்.
மொய்ராவின் துணி எங்கள் கொடியில் காய்கிறது,
என்னுடையதும்.
பிரணவிக்குப் பத்து வயது.
கேக்கோடு வேலியோரம் நிற்கிறாள்,
வழக்கம்போல் நடுவில்.
கொஞ்சம் தள்ளி நில்லம்மா என்கிறேன்.
இன்னும் கொஞ்சம்.
கேரவனும் விழட்டும்.