இரவல் தராசு

மீன் நிறுக்கும் தராசைக் கழுவி
தேவனாம்பட்டினம் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனேன்.
மார்க்கெட்டில் சிரித்தார்கள்.

பிள்ளைகள் கொட்டிய சோற்றை
விருத்தாம்பா வாளியோடு தூக்கிவர
நான் நிறுத்தேன்.
பிலோமினா டீச்சர்
கணக்கு நோட்டின் பின்னட்டையில் எழுதினார்.

திங்கள் பதினொரு கிலோ.
செவ்வாய் ஒன்பதே முக்கால்.
முருங்கைக்கீரை போட்ட வியாழன் மட்டும்
வெறும் வாளியைத் தாண்டி
முள் நகரவில்லை.

"என் சமையலைக் குறை சொல்லவா தராசு?"
என்று முதல்நாள் முறைத்தவள்
இன்று
மஞ்சக்குப்பம் மனு வரிசையில்
எனக்கு முன்னால் நிற்கிறாள்.

கீரைக்கு ஏது காசு என்றார் அதிகாரி.
டீச்சர் நோட்டை விரிக்கும் முன்பே
விருத்தாம்பா:
"குப்பைக்குப் போற சோத்துக்கு
ஏது சார் காசு?"

ரசீது ஒன்று தந்தார்கள்.
நாளையும் நிறுக்கணும்.
அதுவரை சந்தையில்
எனக்கு இரவல் தராசு.