ஊதா வராத இரவு

பெரிய வெள்ளி, ராத்திரி பதினொன்றரை.
ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரி லேபில்
நானும் சென்ட்ரிஃபியூஜும் மட்டும்.
கடியப்பட்டணத்திலிருந்து ஒரு பிள்ளை:
ஷோபின், மூன்று வயது,
சர்க்கரை இருபத்தெட்டு.
"ரெண்டு நாளாட்டு காய்ச்சல், ஒண்ணும் தின்னல்ல,
சாயங்காலத்துக்குப் பெறவு கண்ணு தொறக்கல்ல."
கதவோரம் நின்று அவன் அம்மை சொன்னது
எனக்கா, கையிலிருந்த ஜெபமாலைக்கா, தெரியவில்லை.

மூத்திரத்தில் பட்டையை நனைத்தேன்.
பட்டினி கிடக்கும் உடம்பு
கொழுப்பை உடைத்து எரிக்கும்.
எரிந்ததற்குச் சாட்சியாய் ஊதா வரவேண்டும்.
பதினைந்து நொடி.
நாற்பது.
பட்டை வெளுத்தே கிடந்தது,
மரச்சீனி மாவு மாதிரி.

மூடியைச் சரியாக மூடாமல் போயிருப்பான்
பகல் டியூட்டி அனீஷ்.

நேற்று ராத்திரியிலிருந்து நானும் பட்டினி,
ஒரு கட்டன் சாயா தவிர.
அதே டப்பாவிலிருந்து இன்னொரு பட்டையோடு
கழிப்பறைக்குப் போனேன்.
திரும்பி வருவதற்குள் என் பட்டை
நாவல்பழம் தின்ற நாக்கு.

அனீஷ் மேல் தப்பில்லை.
பிறகுதான் பயம் வந்தது.

பரீட்சைக்காக மனப்பாடம் செய்து
பரீட்சையோடு மறந்தது:
இரண்டிரண்டு கரியாய் உடைந்த கொழுப்பில்
மூன்று துண்டைச் சேர்த்து முடையும் ஒரு நொதி,
எச்எம்ஜி கோஏ சிந்தேஸ்.
ஒரே வேலை, ஆள் இரண்டு.
ஒருவன் செல்லின் முற்றத்தில் முடைவது
கொலஸ்டிராலாகப் போகும்.
மற்றவன் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் முடைவது
பட்டினி நாளில் மூளைக்குச் சோறு.
இவனுடைய உள்ளறை ஆள்
பிறந்ததிலிருந்தே வேலைக்கு வரவில்லையோ?

வார்டுக்குப் போன் போட்டேன்.
"டாக்டர், கீட்டோன் இல்லை.
ஆமாம், இல்லை. எனக்கு வருது, அவனுக்கு வரல்ல."
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.
குளுக்கோஸ் ஏற்கனவே ஏறிக்கொண்டிருந்தது.
ஒன்றேகாலுக்கு அவன் தண்ணீர் கேட்டானாம்.

விடிந்ததும் வழக்கமான வரிசை,
முற்றத்து ஆள் ஓயாமல் உழைக்கிற அண்ணன்மார்.
கொலஸ்டிரால் பார்க்க
வெறும்வயிற்றோடு, கடுகடுவென்று.

மரபணு ரிப்போர்ட் வர ஏழு வாரம் ஆனது.
என் பயம்தான் டைப்படித்து வந்திருந்தது.
டெல்பின் அதை நான்காய் மடித்தாள்.
"இதுக்கு மருந்து உண்டா?"
"பட்டினி போடாம பாத்தா போதும்."
"அவ்வளவுதானா" என்று சிரித்தவள்
பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

அவள் வீட்டில் இப்போது இரண்டு அலாரம்.
இரண்டு மணிக்கு ஷோபினுக்குக் கூழ்.
மூன்று மணிக்கு அவன் அப்பனுக்குக் கடல்.
பிள்ளை கண்ணைத் திறக்காமலே குடிப்பானாம்.
டம்ளர் காலியாகும்வரை
அவன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பாளாம்.