நான்கு என்ற எண் கிடைக்காத வாரம்

விலை நாலு டாலரைத் தாண்டிய இரவு
பெட்டியில் ஒரே ஒரு நான்குதான் இருந்தது.
பலகைக்கோ இரண்டு முகம்.
வடக்கிலிருந்து வருபவர்களுக்கு நான்கைக் காட்டினேன்.
தெற்கிலிருந்து வருபவர்களுக்கு
மூன்றைக் கழற்றிவிட்டு வெறும் இடம்.
பத்தொன்பது சென்ட்டுக்குப் பெட்ரோலா என்று
சிரித்தபடி உள்ளே திரும்பினார்கள்.
பம்ப்பின் திரையைப் பார்த்து வாயை மூடினார்கள்.

புது எண் வந்து சேர ஒரு வாரம்.
நுனியில் ரப்பர் கிண்ணம் வைத்த பதினாறடிக் கழி,
எதிரே டகோட்டாக் காற்று.
முன்பொரு தரம் ஏழு ஒன்று கையை விட்டுப் பறந்து
பீட்ரூட் வயலில் விழுந்தது.
அறுவடை முடிந்துதான் கிடைத்தது.

கடைசியில் ஒட்டியிருக்கும் குட்டி ஒன்பது மட்டும்
எந்த விலையிலும் மாறாது:
ஒரு சென்ட்டில் பத்தில் ஒன்பது பங்கு.
முப்பத்தோரு வருடக் கல்லாவில்
அந்த நாணயத்தை நான் கண்டதில்லை.

வரியைத் திட்டுவார்கள், என் முகத்தைப் பார்த்து.
பம்ப்பில் ஒட்டிய சீட்டைத் தட்டி,
இத்தனை பிஸ்மார்க்குக்கு, இத்தனை வாஷிங்டனுக்கு,
இதில் உனக்கு எவ்வளவு, ஆர்டிஸ்?
எனக்கா, நீ குடிக்கும் காப்பியில்தான் என் பிழைப்பு.
பனி தள்ளும் வண்டி ஓட்டுகிற கோர்டி மட்டும்
வரிசையில் வாய் திறக்காமல் நிற்பான்.
அவன் சம்பளம் அந்தச் சீட்டில் இருக்கிறது.
போன ஜனவரியில்
இவர்கள் எல்லோரும் வீடு திரும்பிய சாலையும்.

இன்ஜினை ஓடவிட்டுவிட்டு
முக்கால் மணி நேரம் கதை பேசும் ஹார்லன்
இப்போது அணைத்து, சாவியை மேஜையில் வைக்கிறான்,
போலீஸிடம் துப்பாக்கியை ஒப்படைப்பவன்போல.
எங்கள் ஊருக்கு ரயில் மேம்பாலம்தான் மலை.
பாஸ்டர் அதன் உச்சியில் நியூட்ரலுக்கு மாற்றி
இங்கே வந்து நிற்கிறார்,
பாதி சரிவால், பாதி விசுவாசத்தால்.
டேங்க்கை நிரப்பு என்று யாரும் சொல்வதில்லை.
எட்டு டாலருக்கு. பதினொன்றுக்கு.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடுகிற ஊராகிவிட்டோம்.

மார்லிஸும் வெர்லினும் பிரிந்து ஆறு வருடம்.
சர்க்கரை ஆலையில் இருவருக்கும் ஒரே ஷிஃப்ட்.
முப்பத்தெட்டு மைல்,
முன்னும் பின்னுமாக இரண்டு கார்.
அவன் ஒன்றாம் பம்ப்புக்குப் போனால்
அவள் நான்காவதுக்குப் போவாள்.

புது எண் வந்த திங்கட்கிழமை
ஒரு கார்தான் வந்தது.
அவன் ஓட்ட, அவள் பின் இருக்கையில்,
கோர்ட்டுக்குக் கூட்டிப்போகிறவளைப் போல
ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி.
முன் இருக்கை காலி.
உள்ளே வந்து தன் பாதியை எண்ணி வைத்தாள்.
பிரிக்க முடியாத ஒரு சென்ட்டை
அவன் கணக்கில் தள்ளினாள்.
பேச்சு உண்டா என்று கேட்டேன்.
ரேடியோ உண்டு என்றாள்.

நேற்று விடியுமுன் கம்பெனியிலிருந்து போன்.
முப்பது சென்ட் இறக்கு.
கழியோடு வெளியே போனபோது மணி ஐந்தரை.
அவர்கள் வருவது ஆறு ஐந்துக்கு.
காற்று பலமாக இருக்கிறதே என்றேன், எனக்கே.
காற்று இருந்தது. பொய் இல்லை.

இரண்டாம் பம்ப்பில் நிறுத்தி இறங்கிய வெர்லின்
பலகையை அண்ணாந்து பார்த்தான்,
பிறகு கழியை,
பிறகு என் காலடியில் கிடந்த மூன்றை.
எதுவும் கேட்கவில்லை.
பழைய விலைக்கே பத்து டாலர் போட்டான்.
இரண்டு பேர் காப்பிக்கும் நான் காசு வாங்கவில்லை.
அவள் பின்னால்தான் உட்கார்ந்திருந்தாள்.
அவளுடைய சாப்பாட்டுப் பெட்டி முன் இருக்கையில்,
சீட் பெல்ட் போட்டு.

பின்விளக்கு மேம்பாலத்தில் இறங்கி மறைந்ததும்
நான்கைக் கழற்றினேன், இரண்டு பக்கமும்.
பெட்டியில் போடாமல்
கல்லாவுக்கு அடியில், கை எட்டும் இடத்தில் வைத்தேன்.
கோடைக்குள் கேட்டுவிடும்.